யானைக்குத் துணையாக வந்த குழந்தையின் குடல்வால்

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
பதினான்காம் படுக்கையில் இருக்கும் குழந்தையின் அப்பா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: யானையின் துணையாளரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியதாகச் செவிலியருக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்வதும், பதிவுப் படிவத்தைத் திருத்துவதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு வயது இரண்டே முக்கால். நாற்காலி, படிக்கட்டு, என் வயிறு என்று எதில் ஏறினாலும் குதித்துத்தான் இறங்குவாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் தவளை. சென்ற செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்தாள். மாலையில் காய்ச்சல், மறுநாள் காலை பேதி. மருந்துக்கடைக்காரர் செரிமானக் கோளாறு என்றார். என் மாமியார் பல் முளைக்கிறது என்றார். நான் இருவரையும் நம்பினேன். அதற்காக என் மீது யாரும் மனு கொடுக்காதது அவர்கள் பெருந்தன்மை.

2. புதன் மதியம் தங்கள் பதிவு முகப்புக்கு அவளைத் தூக்கி வந்தோம். அங்கிருந்த எழுத்தர் கடமை தவறாதவர். "சார், வலிக்கிற இடத்தை நோயாளிதான் தொட்டுக் காட்டணும். நீங்க காட்டினா கம்ப்யூட்டர் எடுத்துக்காது" என்றார். தவளை தன் துணியானையின் வயிற்றைத் தொட்டு, "யானைக்குத் தொப்ப வலிக்குது" என்றாள். வலி எவ்வளவு என்று பத்து முகப் படங்களை நீட்டினார். கடைசி அழுமூஞ்சியை யானையின் துதிக்கையால் தொட்டாள்.

3. எழுத்தர் சொன்னதைச் சொன்னபடி பதிந்தார். நோயாளி: யானை. வலி: பத்து. பிரிவு: அவசரம். தனக்கு வலி என்று சொல்லாத என் மகள், துணையாளர். துணையாளரால் நடக்க முடியாததால், அவரைத் தூக்குபவர் என்ற முறையில் என் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. துணையாளரின் அப்பாவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. யானையை எட்டாவது நிமிடத்தில் அழைத்தார்கள். குழந்தையாகப் பதிவாகியிருந்தால் எங்கள் எண் அறுபத்து மூன்று. இந்த வகையில் எழுத்தர் மீது எனக்குப் புகார் இல்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

4. உள்ளே இருந்த செவிலியர் யானையை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் மனைவியிடம், "எங்க வலிக்குதுன்னு இந்த வயசுல சொல்லத் தெரியாதும்மா. தினமும் பண்றதுல இன்னைக்கு எதப் பண்ணல? அதச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"குதிக்கவே இல்ல, சிஸ்டர்."

உடனே அவளைத் தரையில் இறக்கி, "எங்க, அக்காவுக்காக ஒரே ஒரு குதி" என்றார். தவளை குதிக்கவில்லை. வலது காலை மடக்கி, கூன் விழுந்தவள் போல நின்றாள். செவிலியர் அறுவை மருத்துவரை அழைத்தார். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே வெடித்துவிடுமாம். இவற்றை நான் கதவுக்கு வெளியே நின்று, காவலாளி வாயிலாகத் தவணை முறையில் அறிந்தேன். என் கையில் அவள் செருப்புகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து என் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

5. அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தங்கள் அலுவலகம் பதிவேட்டைச் சரிபார்த்து, நோயாளியை மேசையில் விட்டுவிட்டுத் துணையாளரின் உறுப்பை அகற்றக் காரணமானவர் என்று அந்தச் செவிலியருக்கு மெமோ கொடுத்தது. விளக்கம் ஏற்கப்படும் வரை அவர் வார்டுக்குள் வரக் கூடாதாம்.

6. ஐயா, நான் பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். எந்த லிஃப்டும் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னதில்லை. வழக்கமாகச் செய்வதில் எதைச் செய்யவில்லை என்றுதான் பார்ப்போம். அந்தச் செவிலியரும் அதைத்தான் பார்த்தார். என் வேலையில் இதற்கு மெமோ கிடையாது.

7. எனவே, மெமோவை ரத்து செய்யவும், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களின் படிவத்தில் "குழந்தை இன்று எதைச் செய்யவில்லை?" என்று பெற்றோரைக் கேட்கும் ஒரு வரி சேர்க்கவும் வேண்டுகிறேன். பதிவேட்டில் இன்னமும் உள்நோயாளியாக இருக்கும் யானையை டிஸ்சார்ஜ் செய்தால் அந்தப் படுக்கைக் கணக்கும் நேராகும்.

8. இது அவசரம். மருத்துவர் நேற்றே அவள் மெதுவாக நடக்கலாம், விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். தவளை வார்டு வாசற்படி வரை நடந்து போய், ஓரத்தில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நிற்கிறாள். குதிக்கவில்லை. "சிஸ்டர் அக்கா சொல்லட்டும்" என்கிறாள். காலையிலிருந்து நிற்கிறாள். தயவுசெய்து அவரை அனுப்பிவையுங்கள்.

இடம்: வார்டு வாசற்படி
தேதி: தையல் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு

இப்படிக்கு,
செருப்புகளுடன் காத்திருக்கும்,
தவளையின் அப்பா