விலங்குக் கலத்துக்கு நான் கட்டிய சுவர்

மச்சான்,

உன் மூக்குக்கண்ணாடியை எடுத்தவன் நான்தான். உன்னைப் பெட்டிக்குள் கிடத்திய பிறகு, கண்ணாடி இல்லாமல் பார்க்க வேறு யாரோ மாதிரி இருக்கிறாய் என்று உன் தங்கச்சி வீடு முழுக்கத் தேடினாள். அலுமாரியைத் திறந்து உடுப்பெல்லாம் கொட்டினாள். நானும் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினேன். குனியும்போது அது என் சேட்டுப் பையிலிருந்து விழுந்துவிடக் கூடாதென்று ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். மனைவியின் அண்ணன் செத்த துக்கத்தில் எனக்கு நெஞ்சு நோகிறதாக்கும் என்று சனம் தண்ணீர் கொண்டுவந்து தந்தது. வாங்கிக் குடித்தேன்.

ஆகவே நீ வெறும் முகத்தோடுதான் போனாய். மேலே மோட்ச வாசலில் திறப்புக்கொத்தோடு நிற்கிறவர் யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது. கல்விக் கந்தோர் ஆள் என்று நினைத்து, கதவில் இருக்கிற பிழையை அவருக்கே எடுத்துச் சொல்லியிருப்பாய். உள்ளே விட்டாரோ தெரியாது.

இன்று காலையில் பச்சைப் பெயின்ற் தகரத்தின் மூடியை நெம்பித் திறந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் என்று நினைத்துப் பெருமைப்படாதே. பள்ளிக்கூடத்துப் பழைய சுவரில் மங்கிக் கிடக்கிற இரண்டு கலங்களின் படத்தையும் திரும்பக் கீறித் தரச்சொல்லிப் புது அதிபர் கேட்டிருக்கிறார். தாவரக் கலம் ஒன்று, விலங்குக் கலம் ஒன்று. உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் சுவருக்கு முன்னால் நின்றேன். அளவாக இருக்கிறது. உன் தலை என் தலையைவிடப் பெரிதில்லை என்பது எனக்கு முந்தியே தெரியும். நான் எழுதுகிறதை இனிச் சிவப்பு மையால் உன்னால் திருத்த முடியாது என்ற துணிவில் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் ஓடின நாங்கள், தமிழ்நாட்டு முகாமில் எனக்கு முதல் நரை விழும்வரை இருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் விமானத்தில் திரும்பி வந்தோம். காணிக்குள் உடைமரம் வளர்ந்து கிடந்தது. கூடாரம் போட ஆளுக்கொரு தறப்பாளும், காடு வெட்ட மண்வெட்டியும் தந்தார்கள். நீ மண்வெட்டியைத் தொட்டும் பார்க்கவில்லை. முகாமிலிருந்து நீ காவிக்கொண்டு வந்தது இரண்டு பெட்டி புத்தகம். உன் தங்கச்சி சோறு காய்ச்சப் பானை இல்லாமல் நின்றாள். நீ ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கதிரையாக்கி, அதில் ஏறியிருந்து அடுத்த பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்து வாசித்தாய். உன்னைப் போல ஒரு உதவாக்கரையைப் போரும் உண்டாக்கவில்லை, சமாதானமும் உண்டாக்கவில்லை.

பள்ளிக்கூடம் உன்னைவிட மோசமாக இருந்தது. கூரை இல்லை. நாலு தடிக்கு மேலே தகரம், பக்கத்தில் தப்பிப் பிழைத்த ஒற்றைச் சுவர். அங்கே நீ தொண்டர் ஆசிரியராகப் போனாய். நிரந்தர நியமனம் வரும் வரும் என்று வருடக்கணக்காகச் சும்மா படிப்பிக்கிறவருக்கு அப்படி ஒரு பெயர். விஞ்ஞானம் உன் பாடம். அதிலும் இந்தக் கலத்தில் உனக்குப் பைத்தியம். முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் அதை அங்கே படித்தபடி "செல்" என்றார்கள். இங்கே செல் என்றால் வானத்திலிருந்து விழுகிற குண்டு. வகுப்பில் பிள்ளைகள் அந்தச் சொல்லை ஒன்றாகச் சேர்ந்து கத்த, தெருவால் போன கிழவர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் படுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லோரையும் "கலம்" என்று சொல்லப் பழக்கினாய்.

அந்த நேரம்தான் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, நியமனத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டு போவார் என்று கதை வந்தது. பேசாலையில் உனக்கு ஒரு பிள்ளையைப் பேசியிருந்தோம். அவளுடைய தகப்பன் நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்: "கடிதத்தோட வாங்கோ தம்பி. அண்டைக்கே நாள் குறிப்பம்." நியமனம் வந்தால் கலியாணம். இல்லாவிட்டால் நீயும் உன் பெட்டிகளும் என் குசினி வாசலில். ஆகவே அந்த நியமனத்தில் உன்னைவிட எனக்குத்தான் அக்கறை.

அதிகாரிக்குக் காட்ட ஆய்வுகூடம் இல்லை. கலத்தைப் பெரிதாக்கிப் பார்க்க நுணுக்குக்காட்டி இல்லை. சுவர்தான் இருந்தது. தமிழ்நாட்டில் கடைச் சுவரெல்லாம் எழுதிப் பிழைத்த என்னிடம் வந்தாய், புத்தகத்தை விரித்துக்கொண்டு.

"இதில இருக்கிற மாதிரி, மச்சான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சுத்திவரப் பூக்கொடி ஒண்டு விடட்டோ?"

"வாயை மூடிக்கொண்டு கீறு."

கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமான். அதற்குள்ளே இன்னும் பத்துச் சாமான். பத்துக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி வேலை. வேலைவெட்டி இல்லாதவன்தான் இதையெல்லாம் எண்ணியிருப்பான் என்றேன்.

"இதை ஆர் பாத்தது?" என்று கேட்டேன்.

"நான் பாத்தனான். அங்க பள்ளிக்கூடத்தில, ஒருக்கா. வெங்காயத் தோல்."

"எப்பிடி இருந்தது?"

"அறை அறையா, வரிசை வரிசையா. எங்கட முகாமை மேலயிருந்து பாத்த மாதிரி. பிறகு என்ர வாய்க்குள்ள, சொக்கையில நெருப்புக்குச்சியால சுரண்டி வச்சுப் பாத்தனான். அது மனிசக் கலம். ஒண்டோட ஒண்டு ஒட்டாம, ஒரு ஒழுங்கும் இல்லாமச் சிதறிக் கிடந்தது."

"உன்ர சொக்கையில வேற என்ன இருக்கும்?"

இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு இறக்கிச் சொல்லுகிறேன் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாய். கரு என்றால் அதிபரின் கந்தோர், கட்டளையெல்லாம் அங்கிருந்துதான். இழைமணி அடுப்பு, சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும். புன்வெற்றிடம் தண்ணீர்த் தாங்கி, தாவரத்தில் பெரிது. பச்சையுருமணி குசினி, வெயிலை வைத்துச் சமைக்கும், தாவரத்துக்கு மட்டும்.

"அப்ப விலங்குக் கலத்துக்குக் குசினி இல்லையோ?"

"இல்லை. பிறத்தியார் சமைச்சதைத்தான் தின்னும்."

"உன்னைப் போல."

"மென்சவ்வு ரெண்டுக்கும் இருக்கு," என்றாய், காது கேட்காத மாதிரி. "மன்னார்ப் பாலத்துச் சோதனைச்சாவடி மாதிரி. ஆளைப் பாத்துத்தான் உள்ள விடும், வெளிய விடும். தாவரத்துக்கு மட்டும் அதுக்கு வெளியால சுவர். கலச்சுவர். அது ஒண்டையும் மறிக்காது. சும்மா விறைப்பா நிக்கும். மரம் நிமிந்து நிக்கிறது அதாலதான்."

கீறி முடித்தேன். பள்ளிக்கூடம் ஒருபோதும் காணாத வடிவு. கருவுக்கு நான் கொடுத்த மினுக்கத்தைப் பார்த்தால் பிடுங்கித் தின்னலாம் போலிருக்கும். அன்று மத்தியானம் நீ படிவங்களைக் காவிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாய். மறுநாள் காலையில் அதிகாரியோடு அவருடைய வாகனத்திலேயே வருவதாக ஏற்பாடு.

இனி நான் சொல்லப் போவதை நீ உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அதையும் கரும்பலகையில் எழுதியிருப்பாய்.

பின்னேரம் சாமான்களைக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காணியில் என் தறப்பாள் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. சுவரில் தாவரக் கலம் பெரிய வீட்டுக்காரன் மாதிரிப் பச்சைச் சுவருக்குள்ளே நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் விலங்குக் கலம் ஒரு மெல்லிய கோட்டைப் போர்த்துக்கொண்டு நெளிந்து கிடந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. தகரத்தில் பெயின்ற் மிச்சம் இருந்தது. கட்டின சாமானை அவிழ்த்து, அதற்கும் சுற்றிவர ஒரு சுவர் கட்டினேன். சும்மா சுவர் இல்லை. கல் வரி விட்ட சுவர்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். பிள்ளைகளின் வரவு இடாப்பைப் பார்த்தார், மலசலகூடத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் சுவரடிக்கு வந்தார். நான் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். உன் முகம் பழம்புளி தின்ற மாதிரிப் போனதைக் கண்டேன்.

"நல்ல வடிவாக் கீறியிருக்கு," என்றார் அதிகாரி. "சுவர் நல்ல தெளிவாத் தெரியுது, ரெண்டிலயும்." பேனையைத் திறந்தார். கடவுளே, திறந்தே விட்டார்.

நீ சொன்னாய்: "சேர், இதில ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"விலங்குக் கலத்துக்குச் சுவர் இல்லை சேர்."

பிள்ளைகள் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டை கிளுக்கென்று சிரித்தாள். அதிகாரியின் காது சிவந்தது. "எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுறீங்களோ எண்டுதான் பாத்தனான்," என்று சொல்லிப் பேனையை மூடினார். அந்த மூடி விழுந்த டக் சத்தத்தில் உன் கலியாணம் முறிந்தது.

வாகனம் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு விசரோ? அந்தாள் காணேல்லைத்தானே! விட்டிருக்கலாமே!"

"அந்தாள் காணேல்லை. பிள்ளையள் காணுங்கள். சோதினையிலயும் அப்பிடியே சுவரைக் கட்டிப்போட்டு வருங்கள்." பிறகு என்னைப் பார்த்தாய். "ஓடித் திரியிற சீவனுக்குச் சுவர் சரிவராது மச்சான். சுவர் இருந்தா வளையேலாது, நெளியேலாது. புத்தகத்தில அவ்வளவு தெளிவாக் கிடக்கு. எப்பிடிப் பிழை விட்டனி?"

"கண் சரியில்லை," என்றேன். "படம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது."

பச்சைப் பொய். கழுகுக் கண் எனக்கு. நீ உன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாய். "இந்தா. இனிக் கீறேக்க இதைப் போட்டுக்கொண்டு கீறு." பிறகு வெள்ளைப் பெயின்றை எடுத்து, கண் தெரியாமல் தடவித் தடவி, நான் கட்டின சுவரை நீயே அழித்தாய். அவ்வளவு அசிங்கமான வேலையை நான் என் தொழிலில் கண்டதில்லை.

பட்டியலில் உன் பெயர் வரவில்லை. பேசாலைத் தகப்பன் ஒரு வருடம் பொறுத்தார். பிறகு அவளை நானாட்டானில் உழவு மெசின் வைத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார். நீ அந்தக் கலியாண வீட்டுக்கும் போனாய். வெட்கமில்லாமல் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றாய். நியமனக் கடிதம் நாலு வருடம் கழித்து வந்தது. அதை மடித்துப் புத்தகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சாகும்வரை என் வீட்டிலேயே தின்றாய்.

அந்தச் சுவரைச் சொல்லி என்னை ஏசாத நாள் இல்லை. விருந்தாளி வந்தால் முதல் கதை அதுதான்: "இவர்தான் மிருகத்துக்கு மதில் கட்டின மேசன்." நானும் சேர்ந்து சிரித்தேன். பேசாலைப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் ஒரு சொல் சொல்லவில்லை. அதைச் சொல்லி ஏசியிருக்கலாம். ஏசத் தெரியாதவன் நீ. எங்கே ஏச வேண்டுமோ அங்கே வாயை மூடிக்கொண்டாய்.

நான் கடைப் பெயர் எழுதினாலும் வள்ளத்துக்குப் பெயர் எழுதினாலும் கண்ணாடியைக் கழற்றித் தந்துவிட்டுப் பக்கத்தில் குருடன் மாதிரி இருந்தாய். நல்ல கண்ணுக்கு உன் கண்ணாடி போட்டால் எல்லாம் கலங்கின கடல். விளிம்புக்கு மேலால் பார்த்துத்தான் இத்தனை வருடமும் எழுதினேன். நான் சொன்ன பொய்யை நீ நம்பியிருந்தால் நீ மோடன். நம்பாமலே கண்ணாடியை நீட்டிக்கொண்டிருந்தால் நான் மோடன். எது என்று கேட்க நினைத்த கிழமையில் செத்துப் போனாய். அதிலும் அவசரக்குடுக்கை.

அதனால்தான் எடுத்தேன். இப்போது உண்மையிலேயே கண் பழுதாகிவிட்டது. அது இல்லாமல் கோடு தெரிவதில்லை.

இன்று தாவரக் கலத்தை முதலில் முடித்தேன். சுவர், மென்சவ்வு, குசினி, தண்ணீர்த் தாங்கி, ஒன்றும் விடவில்லை. பிறகு விலங்குக் கலம். சின்னத் தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றிவர ஒரே ஒரு மெல்லிய கோடு. அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. தகரத்தில் பச்சை மிச்சம் இருந்தது. மூடியை அடித்து இறுக்கினேன். பிள்ளைகள் பார்த்து எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும். நீ வந்து பார்த்தாலும் பிழை பிடிக்க இடமில்லை.

அதிபர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். போனேன். அந்த நேரம் தெருவில் நின்ற கழுதையொன்று படலை திறந்து கிடக்கக் கண்டு உள்ளே வந்து, ஈரம் காயாத விலங்குக் கலத்தில் முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. இடப்பக்க மென்சவ்வும் இரண்டு இழைமணியும் அதோடு போய்விட்டன. தாவரக் கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.