நாற்பத்திரண்டு கிணறுகள்

செப்டம்பர் 9

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

வத்தல் எழுதுவது. நலம்தான். நலமில்லை என்று எழுதினால் நான்கு பக்கத்துக்கு அறிவுரை வரும் என்பதால் நலம். விடுதியில் உனக்கு ஹெட்மாஸ்டர் என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

ஆய்வு மாணவர்களை நிலவறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். போன வாரம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒருவன் எழுந்து, "நீங்க பேசுறதே புரியல" என்றான். நான் பேசியது அவன் மொழிதான். விசாவை நீட்டிக்கப் பேராசிரியர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரமாக அது அவர் மேசையில் தூங்குகிறது. ஞாபகப்படுத்தினால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வருகிறது. மூன்று வருடத்தில் இங்கே நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது காத்திருப்பதுதான்.

ஒரே நல்ல செய்தி உன்னால் வந்தது. நிலத்தடி நீர் எப்படி இறங்கும் என்று நான் கணக்கிட்டு வரைந்திருந்த கோட்டின் மேல் நீ அனுப்பிய கிணற்று அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடின! பேராசிரியர் முதல்முறையாக என் மேசைக்கே வந்து நின்றார். "உடனே கட்டுரையா எழுது" என்றார். எழுதுகிறேன், நம் இருவர் பெயரிலும்.

இனியாவது அறிவுரை இல்லாமல் ஊர்க் கதை ஒரு பக்கமாவது எழுது.

உன்,
வத்தல்

அக்டோபர் 2

அடி வத்தல்,

ஒரு பக்கம் கேட்டாயே, பிடி.

அந்தப் பையனைக் குற்றம் சொல்லாதே. விடுதியில் ஐந்து வருடம் உன்னோடு ஒரே அறையில் இருந்த எனக்கே நீ படபடவென்று பேசுவதில் பாதிதான் புரியும்.

ஒரு ஞாயிறு பாதிக் கிணறுகள், மறு ஞாயிறு மீதி என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "கட்டினவனை எட்டிப் பாக்க நேரமில்ல, கிணத்தை எட்டிப் பாக்க மட்டும் நேரமிருக்கு" என்று வீட்டுக்காரர் புலம்புகிறார். பத்தொன்பதாம் கிணறு உள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், நான் டேப்பை இறக்கக் குனிந்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எந்தப் பிரச்சனையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா!" தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வந்தேன் என்றால் நம்பவேயில்லை. டீ போட்டுக் கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தாள்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கல்லூரியில் ஏழு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராகவே இருக்கிறேன், உனக்குத் தெரியும். நிரந்தரமாக்கும் கோப்பு ஜனவரியில் மேலே போகிறது. முதல்வர் கூப்பிட்டு, "உங்க பேர்ல ஒரு கட்டுரையாவது வந்திருக்கணும்மா. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வருகிறது சார் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

உன்,
ஹெட்மாஸ்டர்

நவம்பர் 20

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. வேலை பெண்டு நிமிர்த்துகிறது. திருத்த வேண்டிய விடைத்தாள்களே நூற்றுப்பத்து. விசா ஒருவழியாக நீண்டுவிட்டது. அறையில் ஹீட்டர் ரிப்பேர். பார்க்க வந்தவர், "இது ரொம்பப் பழசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எனக்கும் தெரியும்.

கட்டுரையை அனுப்பியாகிவிட்டது. மற்றதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். கிணற்றோரம் ஜாக்கிரதை.

வத்தல்

ஜனவரி 11

அன்புள்ள தோழிக்கு,

கட்டுரை வெளிவந்ததை எங்கள் நூலகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அச்செடுத்து, ஒரு வரி படிக்காமல் முதல்வர் அறைக்கு ஓடினேன். அத்தனை சந்தோஷம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இதுல உங்க பேர் எங்கம்மா?"

உன் பெயர் இருந்தது. உன் பேராசிரியர் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'நீர்மட்டம் அளந்து கொடுத்த உள்ளூர் உதவியாளருக்கு நன்றி' என்று இருந்தது. அவருக்கே சங்கடமாகிவிட்டது. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நாற்பத்திரண்டு கிணறு. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமை. பாசியில் வழுக்கி வலது மணிக்கட்டு சுளுக்கிய வாரம்கூட இடது கையால் கிறுக்கி அனுப்பினேன். கோப்பு இந்த வருடம் போகவில்லை. அது போகட்டும். உன் நவம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? அதைத்தான் விழுங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உள்ளூர் உதவியாளர்

ஜனவரி 25

ஹெட்மாஸ்டருக்கு,

தெரிந்திருந்தது.

அக்டோபர் கடைசியில் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். என் விசாக் கடிதம் அவர் முன்னால், பேனா கையில்.

"யாரு இந்த ரெண்டாவது பேரு?"

"என் ஃப்ரெண்ட். அளவெல்லாம் அவளோடது."

"அளந்தவங்க எல்லாம் கட்டுரையாளர் ஆகிட முடியாது. நன்றியில ஒரு வரி போட்டுடு."

சரி என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார். அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் கை வரவில்லை. பயம்தான், வேறு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள், நடந்ததையெல்லாம் ஆய்விதழுக்கு எழுதினேன். எந்தெந்தக் கிணறு என்று தேர்ந்தெடுத்தவள் நீ. பக்கத்தில் பம்பு ஓடுவதால் மூன்று கிணறுகளின் அளவு தப்பாக வருகிறது என்று கண்டுபிடித்தவளும் நீ. உன் பழைய கடிதங்களையே சாட்சியாக வைத்தேன். பேராசிரியருக்கும் நகல் அனுப்பினேன். "இனிமே நீ என் மாணவி இல்ல" என்றார். இரண்டு மாதத்துக்குள் வேறு வழிகாட்டி கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். இருவர் இடமில்லை என்றார்கள். இருவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

இதழிலிருந்து உன்னைக் கேட்பார்கள். நீ செய்ததைக் குறைக்காமல் எழுது. என்னை மன்னிக்க முடியுமா?

வத்தல்

மார்ச் 3

வத்தல்,

இதழுக்கு எழுதினேன். திருத்தம் வந்துவிட்டது, இரண்டாவது பெயர் என்னுடையது. முதல்வர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றார். ஏழு வருடமாக இதைத்தான் சொல்கிறார்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. நீ செய்தது சின்னக் காரியம் இல்லை, அது புரிகிறது. ஆனால் முதல்வர் அறையில் நான் நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் திருத்தம் போட முடியாதே.

இனி உனக்கு அளவுகளை அனுப்ப மாட்டேன். இங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டேன். என் கிணறுகளைப் பற்றி நானே எழுதப்போகிறேன். கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும். உன்னைவிட நன்றாகப் போடுகிறவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. வழிகாட்டி கிடைத்து அங்கேயே இருந்தாலும் சரி, பெட்டியோடு வந்து இறங்கினாலும் சரி, இஷ்டமிருந்தால் எழுது.

உன் பெயரை எங்கே போடுவது என்பதை, போடுவதற்கு முன்பே உன்னிடம் கேட்பேன்.

ஹெட்மாஸ்டர்