ஆணியிலிருந்து கழற்றினேன்

ஜூன் 4
தையல் கடையில் இன்று முழுக்கக் கால்சட்டை ஓரம் மடிக்கும் வேலை. கழிவுத் துணியில் நீலக்கோடு போட்ட காலர் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து என் துணிப் படத்தில் அதைக் குடையாகத் தைத்துவிட்டேன். பேருந்து நிறுத்தப் படம் முடிந்தது. மழை, கூட்டம், சாலை எல்லாமே பழைய சட்டைத் துணிதான். நன்றாக வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 9
நூலகத்தில் கண்காட்சியாம். தலைப்பு: ‘சத்தமில்லாத பெண்கள்’. என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். படம் மாட்ட எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்? ஆனால் ஒவ்வொருத்தியும் மேடையேறிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.
சத்தமில்லாதவளைக் கொண்டாட மைக்!
நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணி, நீங்க மேடையிலயா? கல்லு கூட பேசிடும்போல!”

ஜூன் 10
நூலகத்து அம்மாவிடம் போய், படம் மட்டும் போதாதா என்று கேட்டேன். “கூச்சத்தை உடைக்கணும்மா. உங்கள வெளிய கொண்டு வரத்தானே இவ்வளவும்” என்றார்.
கூச்சமா? எனக்கா? பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கத்தரிக்காய் பிடிக்காது என்றால் யாராவது வைத்தியம் பார்க்கிறார்களா?

ஜூன் 12
“விடு, உனக்குப் பதிலா நானே பேசிடறேன்” என்றார் என் வீட்டுக்காரர். காப்பீடு விற்கிற வாய், பேசட்டும். நிம்மதி.

ஜூன் 15
எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.
மேடையில் சொல்கிறார்: “கல்யாணமான புதுசுல இவளுக்கு வாயே கிடையாது. நான்தான் தைரியம் குடுத்து ஆளாக்கினேன். இதோ, படத்துல குடை பிடிச்சு நிக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்!”
கைதட்டல் வேறு.
அவராம்! அது ஒரு பெண். புடவை கட்டியிருக்கிறாள். இந்த மனுஷன் அந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா? எத்தனை மாசம் அவர் கண்ணு முன்னாடியே உக்காந்து தைச்சேன்!
எழுந்து போனேன். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். மைக் நின்றுபோனது.
“என்னம்மா பண்றீங்க?” என்று ஓடிவந்தார் நூலகத்து அம்மா.
“அவர் சொல்ற படம் இது இல்லைங்க. இது என்னோடது.”
மெதுவாகத்தான் சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டது.
கூட வந்திருந்த என் மகள் ஓடிவந்து படத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பேருந்தில் ஏறி வந்துவிட்டோம்.

ஜூன் 16
“நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே” என்றார்.
“எனக்கு எப்பவும் வாய் இருந்துச்சு. நீங்க குடுத்தது இல்ல” என்றேன்.

ஜூன் 17
வீட்டில் இரண்டு பேர் பேசவில்லை. ஒருத்திக்குப் பழக்கம். இன்னொருவர் தவிக்கிறார்.

ஜூன் 21
காலையில் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.
“இந்தப் பொண்ணு ஏன் கூட்டத்துல சேராம தனியா நிக்கிறா?”
“அவளுக்குப் பிடிச்சுதான் நிக்கிறா.”
மறுபடியும் குனிந்து பார்த்தார். நான் கோபத்தை இன்னும் விடவில்லை.

ஜூலை 2
மகளின் பள்ளிக்கு இருவரும் போயிருந்தோம். வகுப்பு டீச்சர், “நல்லா படிக்கிறா. ஆனா வாயே திறக்கிறதில்ல. கொஞ்சம் மாத்தணும்” என்றார். எனக்குள் கொதிக்க ஆரம்பித்தது.
அதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: “மாத்த என்ன இருக்கு டீச்சர்? அவளுக்குத் தோணும்போது பேசுவா. அதுவரைக்கும் நாமதான் காத்திருக்கணும்.”
மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும்.