ஈ ஓட்டும் கிளை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய கூட்டத்தில் வரைந்த அம்புகளைப் பிடுங்கி நட்டிருந்தால் ஒரு தோட்டத்துக்கே வேலி போட்டிருக்கலாம். வெளியிலிருந்து வந்திருக்கும் ஆலோசகர் வெள்ளைப் பலகையில் ஒரு பெட்டி வரைந்து ‘வங்கியின் இலக்கு’ என்று எழுதினார். கீழே இன்னொரு பெட்டி, ‘கணினித் துறை’. அதாவது நாங்கள். நடுவில் ஓர் அம்பு, முனை எங்களைக் குத்திக்கொண்டு. “இனிமே நீங்க எல்லாரும் ஒரே திசையில நடக்கணும்” என்றார். எங்கள் மாடியில் அவருக்கு அம்புக்குறி என்று பெயர் வைத்தாயிற்று.

இலக்கு என்ன? வாடிக்கையாளர்கள் கவுன்ட்டருக்கு வராமல் எல்லாவற்றையும் கைபேசியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல அரை நாள். வர்த்தகத் தலைவர் இஸ்திரி (சட்டையில் ஒரு கசங்கல் யாரும் பார்த்ததில்லை) என் பக்கம் திரும்பி, “உங்க ஆளுங்களுக்கு வியாபாரம்னா என்னன்னே தெரியாது மேடம்” என்றார். அத்தனை பேர் முன்னால். துறைத் தலைவி என்ற மரியாதைகூட இல்லை.

இந்த மனிதருக்குத் தன் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது. வாரா வாரம் நாங்கள்தான் மாற்றிக் கொடுக்கிறோம். அவர் எனக்கு வியாபாரம் சொல்லித் தருகிறார். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

எந்தெந்தக் கிளைகளில் வேலை இல்லை என்று என் துறை அறிக்கை தர வேண்டுமாம். கடைசியில் நிற்கிற கிளைகளை மூடிவிடுவார்கள். மூடினால் அந்த மேலாளர்களுக்கு வேறு நாற்காலி கிடையாது. ‘விருப்ப ஓய்வு’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாருடைய விருப்பம் என்று கேட்கக்கூடாது.

எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டேன். “வேலை எந்தத் திரையில முடியுதோ அந்தத் திரைக்குத்தான் கணக்கு” என்றார் இஸ்திரி. கவுன்ட்டர் திரையில் முடிந்தால் கிளைக்கு. கைபேசியில் முடிந்தால் தலைமை அலுவலகத்தின் கைபேசிப் பிரிவுக்கு. அந்தப் பிரிவு யார் கையில் இருக்கிறது? வேறு யார், அவர் கையில்தான்.

எனக்கென்ன வந்தது? கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். எங்களுக்குத்தான் வியாபாரம் தெரியாதே.

மார்ச் 10, செவ்வாய்

அறிக்கை கொடுத்தேன். அம்புக்குறி பலகையில் எங்கள் பெட்டிக்கு முதன்முறையாகப் பச்சை அடித்தார், சரியான திசையில் நடக்கிறோமாம். இஸ்திரிகூட “பரவால்லையே” என்றார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், அக்கா மேலாளராக இருக்கும் கிளை.

பார்த்ததும் என்ன தோன்றியது? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாவற்றிலும் அவள்தான் முதல். நான் எதைச் செய்துகொண்டு போய் நின்றாலும் “இன்னும் கொஞ்சம் ஒழுங்கா பண்ணியிருக்கலாம்”. அதே வங்கியில் நானும் சேர்ந்தபோது, “நீ மேல உக்காந்து பட்டன் தட்டு, நாங்க கீழ ஜனங்களைப் பாத்துக்கறோம்” என்றாள். பார்த்த லட்சணம் இதுதானா? ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 11, புதன்

அம்மாவிடமிருந்து ஃபோன். அம்மா இருப்பது அக்கா வீட்டில். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லையாம்.

“அவ கிளையை நீதான் மூடுறியாமே?”

“நான் மூடலைம்மா. கணக்கு அப்படி வருது.”

“கணக்குப் போட்டது யாரு?”

அம்மாவை ஆலோசகராக வைத்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 12, வியாழன்

அக்காவே கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “தண்ணி குடிக்க நேரமில்லாம நாள் பூரா நிக்கிறோம். உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“எண்ணிக்கை பொய் சொல்லாதுக்கா.”

“அப்போ நான்தான் பொய் சொல்றேனா?”

வைத்துவிட்டாள். வைக்கட்டும்.

எண்ணிக்கை பொய் சொல்லாது — இது இஸ்திரியின் வசனம். என் வாயில் எப்படி வந்தது?

மார்ச் 16, திங்கள்

அக்காவின் கிளைக்குச் சண்டை போடத்தான் போனேன். நாள் பூரா என்ன கிழிக்கிறீர்கள் என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்று.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கவுன்ட்டர். ஒருவர்கூட இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் காலி நாற்காலி. பார்த்தாயா என்று மனதுக்குள் கொக்கரித்தேன். அப்புறம்தான் வலது பக்கம் திரும்பினேன்.

கூடம் கொள்ளாத கூட்டம். சுவரோரம் நாற்காலிகள், உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கைபேசி. பின்னால் கிளை ஊழியர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு தையல்காரம்மா ஃபோனை நீட்டி, “நீயே அழுத்திக் குடேன், கடை திறக்கணும்” என்று கெஞ்சினாள். ஊழியன் அசையவில்லை. “நான் தொட மாட்டேன்மா. நீங்களே அழுத்துங்க, கீழ பாருங்க, நீலக் கலர்.” தையல்காரம்மா அவனைக் கரித்துக் கொட்டிக்கொண்டே அழுத்தினாள். வேலை முடிந்தது. நிமிர்ந்து பார்த்து, தானே செய்துவிட்டோமா என்பதுபோலச் சிரித்தாள்.

வாடிக்கையாளர் ஃபோனை யாரும் தொடக்கூடாது. அது அக்கா போட்ட சட்டமாம். நாம் அழுத்திக் கொடுத்தால் நாளைக்கும் வந்து நிற்பார்கள், அவர்களே அழுத்தினால் நாளைக்கு வீட்டிலிருந்தே செய்வார்கள் என்று.

அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். “என்ன, நாங்க ஈ ஓட்டுறதைப் பாக்க வந்தியா?”

மறுபடியும் அந்தக் கூடத்தைப் பார்த்தேன். பலகையில் எழுதிய இலக்கை இந்த வங்கியிலேயே உருப்படியாகச் செய்தவள் இவள் ஒருத்திதான். செய்த அத்தனை வேலையும் கைபேசித் திரையில் முடிந்ததால் இஸ்திரியின் பிரிவுக்குப் போய்விட்டது. சொன்னதைக் காதில் வாங்காமல் கவுன்ட்டரில் வரிசை கட்ட வைத்த கிளைகளெல்லாம் மேலே இருக்கின்றன.

சொன்ன பேச்சு கேட்டவ கழுத்துக்குக் கத்தி, கேக்காதவனுக்குக் கைதட்டல். என்ன கணக்கு இது? யார் போட்டது? நான்தானே போட்டேன். ஒரு தடவையாவது இங்க வந்து பாத்தேனா?

மார்ச் 17, செவ்வாய்

எல்லாக் கிளையிலும் வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை உண்டு. போட்டது நாங்கள்தான். எந்தக் கைபேசி எந்தக் கிளையின் வைஃபையில் இருந்தபடி வேலையை முடித்தது என்பது எங்களிடம் பதிவாகிறது. யாரும் கேட்டதில்லை, நாங்களும் பார்த்ததில்லை. இன்று அதை வைத்துத் திரும்பக் கணக்கெடுத்தேன்.

அக்காவின் கிளை முதலிடம். இதிலும் முதலிடம்! சனியன்.

மார்ச் 18, புதன்

இதை வெளியே எடுத்தால் எங்கள் பச்சை சிவப்பாகும். ஏற்கெனவே எங்கள் வேலையை ஒரு வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இஸ்திரி சாக்கு தேடிக்கொண்டிருக்கிறார். தப்பான அறிக்கை கொடுத்த துறை — இதைவிட என்ன சாக்கு வேண்டும்? என் நாற்காலி போகும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா மட்டும் வீட்டுக்குப் போவாள். அவள் எனக்கு என்ன செய்துவிட்டாள், எரிந்து விழுந்ததைத் தவிர?

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த ஊழியர்கள்.

இல்லை, அவர்களுக்காகவும் இல்லை. அந்த மனுஷன் சட்டை ஒரு தடவையாவது கசங்கணும்.

மார்ச் 20, வெள்ளி

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முதல் அறிக்கை தப்பு, ஏன் தப்பு, கிளையில் கண்ணால் பார்த்தது, வைஃபை கணக்கு, எல்லாம். தலைமை நிர்வாகி அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார்.

இஸ்திரி மெல்லச் சிரித்தார். “அது உங்க அக்கா கிளையாமே மேடம்?”

இதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். “ஆமா, கூடப் பிறந்த அக்கா. சின்ன வயசுலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது, யாரை வேணா கேளுங்க. அவளுக்கு ஒரு நல்லது நடக்கணும்னு நான் நினைச்சதே இல்ல. அதனால நான் சொல்றதைத் தாராளமா நம்பலாம்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். தலைமை நிர்வாகி சிரிக்கவில்லை. இஸ்திரியைப் பார்த்து, “அப்போ உங்க பிரிவு செஞ்சதுன்னு காட்டினதுல உண்மையிலேயே உங்க பிரிவு செஞ்சது எவ்வளவு?” என்று கேட்டார். இஸ்திரி தண்ணீர் எடுத்துக் குடித்தார். கொஞ்சம் சட்டையில் கொட்டியது.

மார்ச் 24, செவ்வாய்

கிளை தப்பித்தது. அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அம்மா கூப்பிட்டாள். “உன்கிட்ட சொல்லச் சொன்னா. முதல்லயே ஒழுங்கா கணக்குப் போட்டிருக்கலாம்னு.”

மார்ச் 30, திங்கள்

என் முறை வந்தது. அம்புக்குறி பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். கணினித் துறைக்கு வியாபாரம் புரியவில்லை என்பதை நாங்களே ஒப்புக்கொண்டுவிட்டோமாம். எங்கள் வேலை வெளி நிறுவனத்துக்கு. நாங்கள் ஆளுக்கொரு கிளைக்கு, வியாபாரம் பழக. என் ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்பு வரைந்தவருக்கும் இஸ்திரிக்கும் ஒரு கேடும் இல்லை.

எனக்குரிய கிளையை இஸ்திரியே தேர்ந்தெடுத்திருக்கிறார். “உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம்தான் மேடம்.” சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

ராஜினாமா எழுதினேன். அவள் சிரிப்பாள் என்று தோன்றியது. கிழித்துப்போட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். சரியான நேரத்துக்குத்தான் போனேன். “லேட்டு” என்றாள். பையை வைக்க இடம் கேட்டதற்கு, “கையிலயே வெச்சுக்கோ” என்றாள். நாற்காலி இல்லை. இங்கே உட்காருகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தான்.

சுவரோரக் கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர். கட்டை விரல் ஃபோன் திரையில் பாதி இருக்கும். தொடுகிற இடமெல்லாம் தப்பு. கடவுச்சொல் பக்கம் வரும், போகும், மறுபடி முதலிலிருந்து. எனக்குக் கை பரபரத்தது. எத்தனையோ கணினிகளைத் தட்டி நிமிர்த்திய கை. என்னையறியாமல் அது அவர் ஃபோனை நோக்கி நீண்டுவிட்டது.

பின்னாலிருந்து அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “இவங்க புதுசா? இவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியாது” என்றாள் அக்கா. “கத்துக்கிட்டிருக்கா.”

அவர் மறுபடி குனிந்து அழுத்த ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் நின்றோம். திரையில் ‘முடிந்தது’ என்று வரும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

இதை எழுதும்போதும் வலிக்கிறது. அவள் பிடி எப்போதுமே அப்படித்தான்.