சிங்காரம் இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறானா?

அன்பு மச்சான் காசிமுக்கு,

உனக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையே நம் வாசிப்புச் சபை உன் கடையில் கூடி, சிங்காரம் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி என்று கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டது. நீ ஜெயித்துவிட்டாயாம். அதோடு வழக்கும் முடிந்ததாம்.

கை தூக்காதவன் நான் ஒருவன்தான். "செத்தவரோட கூடவா சண்டை?" என்று கேட்டார்கள். ஆமாம், செத்தவனோடுதான். நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு சண்டை போட நான் யாரிடமாவது அனுமதி கேட்டேனா? இப்போது மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

இந்தக் கடிதத்தை அச்சுப் போட புதுச்சேரியில் ஒரு மாதப் பத்திரிகை ஒப்புக்கொண்டிருக்கிறது. நம்மை அறியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பாகூர்க் கடைத்தெருவில் நீ துணிக்கடைக்காரன். நான் கரும்பு போடுகிறவன். பள்ளிக்கூடம் போகாதவன். உன் கடைக்கு வரும் துணிப் பேல்களின் மேல் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன். மதராஸ் வாரப் பத்திரிகையில் 'செவ்வாய்க் கப்பல்' தொடர்கதை ஆரம்பித்தபோது நம் இருவர் தலையிலும் கறுப்பு மயிர் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கதை முடியவில்லை. உலகச் சண்டை வந்து காகிதத்துக்குப் பஞ்சமான பிறகும், வாரம் ஒரு பக்கமாவது வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் கடையில் பாதிக் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்போம். வாசித்து முடித்ததும் முன்னே சொன்னதும் இப்போது சொல்வதும் பொருந்துகிறதா என்று பார்ப்போம். கப்பலில் எத்தனை ஜன்னல், கேப்டனுக்கு எந்தக் காது மந்தம், எல்லாம் நமக்கு அத்துபடி. பொருந்தாவிட்டால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். "எழுதினவர் மறந்துட்டார்" என்று மட்டும் எவனும் சொல்லக் கூடாது. சொன்னவன் சபை முழுவதுக்கும் வேர்க்கடலை வாங்கித் தர வேண்டும். அந்தச் சட்டம் நீ போட்டது.

சிங்காரம் அந்தக் கப்பலின் மெக்கானிக். சந்திரனை விட்டுக் கிளம்புகிற அவசரத்தில் இரும்புக் கதவு மூடி, அவனுடைய இடது கை மணிக்கட்டோடு போயிற்று. உன் கடை வாசலில் மெஷின் போட்டிருக்கும் தையற்காரன் சுப்புராயன் அன்று அதற்குப் பிறகு மெஷினை மிதிக்கவே இல்லை. வெகுகாலம் கழித்துக் கப்பல் செவ்வாயில் இறங்கியது. அங்கிருந்து மறுபடி கிளம்புகிற அத்தியாயத்தை நீதான் வாசித்தாய். 'சிங்காரம் தன் இரு கைகளையும் கூப்பிக் கேப்டனை வணங்கினான்' என்ற இடத்தில் நின்றுவிட்டாய்.

"ரெண்டு கையுமா?" என்றான் சுப்புராயன்.

"இரு கைன்னுதான்பா போட்டிருக்கு."

"அவனுக்கு ஏது ரெண்டாவது கை?"

"எழுதறவரு மறந்துட்டாருய்யா. வாராவாரம் எழுதறவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றார் சபைக்கு அக்கிராசனம் வகிக்கும் நாராயணசாமி வாத்தியார்.

"கடலை!" என்று எல்லோரும் கத்தினோம். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாங்கிவரப் போனார்.

அவர் திரும்புவதற்குள் நீ முடிவு கட்டிவிட்டாய். "மச்சான், இவன் சிங்காரமே இல்ல. செவ்வாய்க்காரன் செஞ்சு அனுப்புன போலி. அசல் துணியப் பாத்து எவன் போலி நெய்ஞ்சாலும் கரை, நெறம், மடிப்பு எல்லாம் சரியா வரும். அசல்ல இருந்த கிழிசல மட்டும் நெய்ய மாட்டான். அதுலதான் மாட்டுவான்."

"துணி விக்கிறவனுக்கு ஆகாசமும் துணிதான்," என்றேன் நான். "கரும்ப வெட்டினா கட்டையிலேருந்து மறுதாம்பு வருதா இல்லியா? செவ்வாய் மண்ணு வாகு அப்படி. கையும் துளுத்துடுச்சு."

"மனுசன் இன்னா கரும்பா?"

"உன் சிங்காரம் இன்னா கைலியா?"

கடை அதிரச் சிரித்தார்கள். நான் உன்னை மடக்குவதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்: "சரி, இவன் போலின்னா அசல் சிங்காரம் எங்க?"

நீ சிரிக்கவில்லை. "அங்கதான் கீறான். கப்பல் தன்ன வுட்டுட்டுப் போயிடுச்சின்னு கூடத் தெரியாம நின்னுக்கினு கீறான். யாராவது போயி இட்டுக்கினு வரணும்," என்றாய்.

சைகோனுக்குக் கப்பலேறிய உன் தம்பியிடமிருந்து சண்டை தொடங்கிய பிறகு ஒரு சேதியும் இல்லை. அவனை நினைத்துக்கொண்டுதான் சொன்னாயா? நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாயா?

அன்று தொடங்கிய வழக்கை நாம் ஓயவிடவில்லை. குளிரில் சிங்காரம் இடது கையைத் தேய்த்துக்கொண்டான் என்று வந்த வாரம், புதுத் தோல் அல்லவா, குளிர் தாங்காது என்று நான் குதித்தேன். அவன் தேநீருக்குச் சர்க்கரை கேட்டான் என்று வந்த வாரம் நீ என் கரும்பாலைக்கே ஓடிவந்தாய். வெல்லப்பாகு கொதிக்கிற கொப்பரைக்கு அந்தப் பக்கம் நின்று, புகையில் கண் கலங்க, "அசல் சிங்காரம் வெல்லந்தான்டா போட்டுக் குடிப்பான்! சந்திரனுக்குப் போறப்ப மூட்டை கட்டி எடுத்துக்கினு போனானே, மறந்துட்டியா?" என்று கூவினாய். ஆலையில் இருந்த ஆட்கள் ஏதோ வெட்டுக்குத்து என்று பயந்துபோனார்கள்.

உன் கடைசிக் காய்ச்சலில் நான் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தேன். "இந்த வாரம் இன்னா வந்துச்சு?" என்று கேட்டாய். வாசித்தேன். "கேட்டியா? போலியேதான்," என்றாய். "கெடயாது," என்றேன். உன் மனைவி மைமூன் தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒரே ஒரு தடவ ஆமான்னுதான் சொல்லுங்களேன். இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டாள்.

நீ கையை ஆட்டி அவளைத் தடுத்தாய். "வேணாம். இவன் ஆமான்னு சொல்லிட்டா நான் செத்துட்டேன்னு அர்த்தம்."

நான் சொல்லவில்லை மச்சான். கடைசி வரை சொல்லவில்லை. இவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தைக் கேள். நீ உட்காரும் முக்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். வாத்தியார் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "நம்ம பாயுக்கு அதுல ரொம்ப ஆசை. அவரு ஆத்மா சாந்திக்காக அவரு கட்சியையே சபை ஏத்துக்குது. எல்லாரும் கை தூக்குங்க." தூக்கினார்கள். உன் கட்சியில் ஒருநாளும் சேராத சுப்புராயனும் தூக்கினான். நம் பிரஞ்சு ராஜ்ஜியத்துத் தேர்தலில் செத்தவன் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்து நீயும் நானும் சிரித்திருக்கிறோம். செத்தான் என்பதற்காகவே ஒருவனுக்கு ஓட்டுப் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுந்தேன். "நம்பித்தான் தூக்கினீங்களா?"

"நம்பித்தான்," என்றார் வாத்தியார்.

"அப்போ அசல் சிங்காரம் எங்க?"

"பெருசு, வுடு பெருசு. பாவம்பா அவரு," என்று சுப்புராயன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

பாவமாம்! எனக்குப் பற்றி எரிந்தது. நீ சொன்னதை உண்மையில் நம்பியிருந்தால் இவர்களால் சோறு தின்ன முடியுமா? போலி ஒருவன் கப்பலில் இருக்கிறான், அசல் ஆள் செவ்வாயில் அநாதையாக நிற்கிறான், கப்பல் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது என்றல்லவா அர்த்தம்? அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று பதறியிருக்க வேண்டாமா? பதறவில்லை. "எழுதினவரே மறந்துபோன சங்கதி. இத்தோட இந்தக் கதைய நிறுத்திக்குவோம். வர்ற வாரத்துலேருந்து நல்லதா ஒரு குடும்பக் கதை படிப்போம்," என்றார் வாத்தியார்.

எழுதினவர் மறந்தார் என்று உன் கடையிலேயே, உன் முக்காலிக்கு முன்னாலேயே சொல்கிறார். எவனும் "கடலை" என்று கத்தவில்லை. நான் மட்டும் கத்தினேன். துக்கத்தில் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது போலப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் சபைக்குப் போவதில்லை. புதுச்சேரி பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்துப் பத்திரிகையை நானே வாங்கி, வரப்பில் உட்கார்ந்து தனியாகப் படிக்கிறேன். தனியாகப் படிப்பது எவ்வளவு கேவலமான காரியம் என்று உனக்குத் தெரியுமா? ஒரு வரி உதைக்கிறது. தலையைத் தூக்கினால் எதிரே கரும்பு நிற்கிறது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த சேதிக்கு வருகிறேன். போன வாரப் பத்திரிகையில் அந்தக் கிளி வந்தது. உனக்கு நினைவிருக்கும், சந்திர யாத்திரையின்போது சிங்காரத்தின் தோளைவிட்டு இறங்காமல் இருந்த பச்சைக்கிளி. செவ்வாயைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதினவர் கிளியை மறந்துவிட்டார் என்று வாத்தியார் சொல்லியிருப்பார். மறக்கவில்லை மச்சான்! கப்பலின் பின்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் செவ்வாய் சிவப்பாக, மிளகாய் விதை அளவுக்குத் தெரிகிறது. கிளி அதையே பார்த்துக்கொண்டு, "சிங்காரம், சிங்காரம்" என்று கூப்பிடுகிறது. சிங்காரம் அதன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

பத்திரிகையை மடித்துக்கொண்டு வரப்பைவிட்டு எழுந்தேன். நேரே உன் வீட்டுக்குப் போய் மைமூன் தங்கச்சியிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்போ அவரு சொன்னது சரிதானாண்ணே?" என்றாள்.

"அதெல்லாம் கெடயாது. கிளிக்கு வயசாச்சு, கண்ணு தெரியல," என்றேன்.

அவள் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இதக் கேட்டிருந்தா அடிக்க வந்திருப்பாரு," என்றாள்.

வந்திருப்பாய். அதுதான் மச்சான் எனக்கு வேண்டும். உனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த பெரிய சாட்சி அந்தக் கிளி. அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு சபை இல்லை. வழக்கு முடிந்தது, நீ ஜெயித்தாய், வீட்டுக்குப் போ என்கிறார்கள். உனக்குப் பிச்சை போட்ட ஜெயம் எதற்கு? நீ நியாயமாக ஜெயிக்கலாம், அல்லது என்னிடம் தோற்கலாம். இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்.

ஆகையால் எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். நாராயணசாமி வாத்தியார் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். எந்த இடத்தில் நின்று போட்டாரோ அதே இடத்தில் நின்று செய்ய வேண்டும். குடும்பக் கதையைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக்கொள்ளட்டும். சபைக்குக் கடலையும் வாங்கித் தர வேண்டும். துக்கம் என்று சட்டம் தளராது. சுப்புராயன் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, தனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். உன்மேல் அவனுக்கு இரக்கம் இருந்தால் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். கை தூக்கிய மற்றவர்கள் இது அச்சில் வந்த அடுத்த ஞாயிறு வாயைத் திறந்து வாதாட வேண்டும். முடியாதவர்கள் வர வேண்டாம். முக்காலியிலிருந்து மாலையை மைமூன் தங்கச்சி எடுத்துவிட வேண்டும். அது பூஜை செய்கிற சாமான் அல்ல, ஆள் உட்காருகிற இடம். கதையை எழுதுகிற அந்த மதராஸ்காரர், அவர் யாராயிருந்தாலும் சரி, கப்பலைத் திருப்ப வேண்டும். செவ்வாயில் ஒருவரும் இல்லை என்றாவது காட்டட்டும். போய்ப் பார்க்காமல் கதையை முடித்தால் அவரை நான் விடமாட்டேன்.

என் பங்கு இது. அந்த ஞாயிறு கிளி வந்த பக்கத்தை நான் உரக்க வாசிப்பேன். கிளி கூப்பிடும் இடத்தில் நீ நிறுத்துவது போலவே நிறுத்துவேன். உன் கட்சிக்காக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன், ஒரு வார்த்தை மறைக்கவும் மாட்டேன். வாசித்து முடித்ததும் அந்தக் கிளியை என் மூச்சு உள்ளவரை எதிர்ப்பேன். என்றைக்காவது கப்பல் திரும்பிப் போய், அங்கே ஒற்றைக் கையோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தால், பத்திரிகையை எடுத்துக்கொண்டு நீ அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து உன் கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்வேன். அதற்கு ஒருநாள் முன்னால்கூடச் சொல்ல மாட்டேன்.

உனக்கு இன்னும் ஆமாம் சொல்லாத மச்சான்,
துரைசாமி,
பாகூர்.