மூன்றாவது ரீலுக்கு முன்னால் நான்காவது

1973 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

கல்கத்தா டாக்குரியாவில் இன்று எங்கள் ஃபிலிம் சொசைட்டி போட்ட ஜப்பானியப் படத்தில் நான்காவது ரீலை மூன்றாவதற்கு முன்னால் ஓட்டிவிட்டார்கள். புருஷனை விட்டுவிட்டு ரயிலேறிய பெண், அடுத்த காட்சியில் அடுப்படியில் நிற்கிறாள்.

"ஏன்னா, இவ எப்போ திரும்பி வந்தா?" என்று கேட்டாள் என் மனைவி. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

படம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, காலத்தையே உடைத்துவிட்டார் இந்தக் கதையை எழுதியவர் என்று அரைமணி நேரம் பேசினார். கைதட்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எழுத்தாளர் டாக்டருக்குப் படித்துவிட்டு, அதை உதறிக் கதை எழுத வந்தவர். கதை எத்தனை விசித்திரமாக இருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கி அடுக்குவார். இந்தப் படத்துக்கு மூலமான அவர் நாவலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். திரைக்கதையும் அவருடையதுதான்.

செயலாளர் ஷொந்துதாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். ஆபரேட்டர் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆமா மொஷாய், மாறித்தான் போச்சு. மெதுவாப் பேசுங்க. அடுத்த ஞாயிறும் போடச் சொல்லி எல்லாரும் கேக்கறாங்க. இதே மாதிரி ஓட்டிடலாம். நீங்கதான் நாவல் படிச்சவராச்சே, காலம் உடையறதைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

லேக் கார்டன்ஸ் வரும்வரை பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"முடியாதுன்னு சொன்னேளோல்லியோ?" என்றாள் மனைவி.

பஸ் இரைச்சலில் காதில் விழாதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் பத்தி எழுதியாகிவிட்டது. நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் தூக்கம் வரவில்லை.