வேறொருவரின் கார்

அண்ணை,

முதலில் என் மானம் போன கதை. நேற்று வில்லரேயில் ஒரு கடையில் நீட்டுப் பாணை, அந்தப் பிரெஞ்சு ரொட்டியை, காதோடு வைத்து அமத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றேன். காசுமேசைப் பெண் பார்த்துவிட்டு, "போனில மற்றப் பக்கம் ஆர்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நீங்கள்தான் என்று சொல்லவா முடியும்? "நல்ல பாண் எண்டால் அமத்தேக்க நெருநெரு எண்டு கதைக்கவேணும், ஐசே" என்று சொன்னவர் நீங்கள். இந்த ஊரில் எந்தப் பாணும் உங்களோடு கதைக்கவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து இந்தப் பனி ஊருக்குத் தனியே வந்து இறங்கினீர்கள். இடம் பிடித்தால் உங்கள் மனைவி மலர் அக்காவும் மகளும் பின்னால் வருவார்கள் என்ற ஏற்பாடு. கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நீங்கள் நடந்த நடையைப் பற்றிப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரே பேச்சு. தொடக்கிவைப்பவன் அநேகமாக நான்தான்.

"அங்கை படியால இறங்கினால் பாண்கடை, மீன்கடை, மெட்ரோ. இங்கை உப்பு வாங்கவும் கார் வேணுமோ?" என்பீர்கள். புவாண்ட்-கிளேர் களஞ்சிய வேலைக்கு விடியமுன் புறப்பட்டு பஸ் மாறி மாறிப் போனீர்கள். உங்கள் பாரிஸ் பிரெஞ்சுக்கு மூலைக்கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்ன அன்று நீங்கள் சாப்பிடவேயில்லை.

கடைசியில் ஒரு பழைய காரை வாங்கினீர்கள். அந்த மாசியில் மலர் அக்கா மகளோடு வருவதாக இருந்தது. "பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்" என்றிருந்தார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் தெருவில் சங்கு ஊதியது. பனி அள்ள வருகிறார்கள், காரை எடுங்கள் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடுவார்கள். "அம்புலன்ஸ் ஆக்கும், பாவம்" என்று நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள்.

மறுநாள் தெருத் தெருவாய்த் தேடினோம். எல்லாக் காரும் வெள்ளைக் குவியல்.

"அண்ணை, டாக்சி பிடிச்சுப் போங்கோ."

"என்ரை காரில ஏத்தினாத்தான் அவள் நம்புவாள். இதுதான், நிறம் தெரியுது, கிண்டும்."

கையாலும் தட்டாலும் கிண்டினோம். கண்ணாடி வெளிப்பட்டதும் பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கை. "அண்ணை, இந்த வயசில இது எப்ப நடந்தது?" என்றேன். அதற்குள் கோப்பியோடு இறங்கி வந்த வெள்ளைக்காரர் இருவருக்கும் கைகொடுத்து, "மெர்சி, மெர்சி" என்று சொல்லி ஏறி ஓட்டிக்கொண்டு போனார். நான் வயிறு நோகச் சிரித்தேன். நீங்கள் தெருவைப் பார்த்தபடி, "மத்தியானப் பிளேன் எப்பவோ இறங்கியிருக்கும்" என்றீர்கள்.

இருட்டும் நேரம் திரும்பினால், வெளிப்படிக்கட்டில் பெட்டிகளோடு இருவரும். அக்கா உங்களை ஒரு சொல் ஏசவில்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்தது. இரண்டு கிழமையில் திரும்பிப் போனார்கள், பிறகு வரவில்லை.

அவர்கள் விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் தவித்திருப்பார்கள் என்று எண்ணியே நீங்கள் தேய்ந்தீர்கள். "அண்டைக்கு அந்தக் கார் கிடைச்சிருந்தால், ஐசே..." ஒவ்வொரு பனிக்காலமும் இதே வசனம். "வாற வருசம் வருவினம்" என்பேன் நான். நான் நம்பவில்லை, நான் நம்பவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். மகளுக்கென்று பூட்டிய திரைச்சீலை அந்த அறையிலேயே வெளிறிப்போனது.

இப்போதும் சங்கு ஊதினால் செருப்போடு தெருவுக்கு ஓடுகிறேன். எனக்குக் காரே கிடையாது.

உங்கள் செத்தவீட்டுக்கு மலர் அக்கா வந்திருந்தார். நாங்கள் கார் தேடிய கதையைச் சொல்லி, பிந்தியதில் பாதிப் பழி என்னுடையது என்றேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு எங்கட பிளேனே பிந்தி, பின்னேரம்தான் இறங்கினது, தம்பி. வெளியில வந்த உடன டாக்சி எடுத்தனாங்கள். இவர் நிக்கிறாரோ எண்டு நான் பாக்கவேயில்லை."